இரண்டு மழை நிற்கட்டும்

என் வசந்தாக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதற்கு முன் உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. பக்கத்து வீட்டில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம்? மதில் மேல் எட்டிப் பார்த்து "அக்கா" என்றால் போதும். இப்போது எட்டிப் பார்த்தால் பூட்டிய கதவுதான் தெரிகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், இந்த முறை மழைநீர்க் கால்வாய்க்காம். என் பட்டறை மாரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். உன் பூனை என் வீட்டில்தான் சாப்பிடுகிறது, ஆனால் மதியம் மட்டும் உன் வாசலில் போய்ப் படுத்துக்கொள்கிறது. என் வீட்டுக்காரி லதா கூப்பிட்டாலும் வருவதில்லை.

உன் கண்காட்சியும் நடந்து முடிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சிவப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடமாக நீயும் நானும் வாய் திறக்காத விஷயம். கண்காட்சியை நடத்திய நிவேதா, எழுதினால் பத்திரிகையில் போடலாமா என்று கேட்டாள். போடட்டும் என்றேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்குச் சொல்வேன். பொறுத்துக்கொள், படிப்பவர்களுக்கு உன்னைத் தெரிய வேண்டுமே.

நீ சிற்பி. கோயிலுக்குச் சிலை செய்கிற சிற்பி இல்லை. எதைப் போலவும் இல்லாத உருவங்களை இரும்பில் செய்தவள். இதை அப்பாவுக்குப் புரியவைக்க யாராலும் முடியவில்லை. அவர் செம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர், பிறகு அதே நிலத்தை மனை மனையாக விற்றவர். "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று யாராவது கேட்டால், "இரும்பு சாமான் செய்யுது" என்பார். பல வருடம் கழித்து உன் வேலை ஒன்று ஜப்பானுக்குக் கப்பலேறியபோது, துறைமுகத்து அதிகாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் படிவத்தில் 'இரும்புப் பொருள்' என்றுதான் எழுதினார். அப்பா இருந்திருந்தால் அன்றைக்கு ஊரைக் கூட்டியிருப்பார்.

தாம்பரத்தில் ரயிலேறி ஓவியக் கல்லூரிக்குப் போய்ப் படித்தாய். படிப்பு முடிந்ததும் தாம்பரத்திலேயே பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் வேலை. பகலெல்லாம் பிள்ளைகளுக்கு மாம்பழமும் பூஜாடியும் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் என் பட்டறைக்கு வந்து மாம்பழமும் இல்லாத, ஜாடியும் இல்லாத ஒன்றை வெட்டச் சொல்வாய். நான் கேட், கிரில், ஜன்னல் செய்கிறவன். என் கையில் அளவு இல்லாமல் ஒரு கம்பி வெட்டுப்பட்டது கிடையாது. உன் கையில் அளவு இருந்ததே கிடையாது.

டிவி பெட்டி, ஃபிரிட்ஜ் பெட்டி என்று அட்டைப்பெட்டிகளாகச் சேர்த்து வைப்பாய். அவற்றைக் கிழித்து, வளைத்து, சணல் கயிற்றால் கட்டி ஒன்றை நிற்கவைப்பாய். அப்புறம் தெருமுனைக்குப் போய்விட்டு, யாரோ புதிதாக வருகிறவள் போல நடந்து வந்து பார்ப்பாய். பிடிக்கவில்லை என்றால் ஒரு பாகத்தைப் பிய்ப்பாய். கடைசியில் பெட்டியில் பாதிதான் மிஞ்சும். அதைத்தான் மாரி தகட்டில் வெட்டி வெல்டு வைப்பான்.

முதல் தடவை அவன் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "டீச்சர், இது இன்னான்னு சொன்னா கொஞ்சம் ஈசியா கீதும்."

"இன்னான்னு கேக்காத மாரி. நிக்குதான்னு பாரு."

அவன் தள்ளிப் பார்த்தான். "நிக்குது டீச்சர்."

"அவ்ளோதான்."

நீ எதற்கும் பெயர் வைக்கவில்லை. தூக்கி இறக்குகிறவர்களுக்குப் பெயர் இல்லாமல் முடியுமா? மாரியே வைத்துக்கொண்டான். ஒட்டகம், அடுப்பு, கோபக்காரி, ரெண்டு மாமியார். கண்காட்சிப் புத்தகத்தில் எல்லாவற்றுக்கும் 'தலைப்பில்லை' என்றுதான் போட்டிருக்கிறார்கள். எனக்கும் மாரிக்கும்தான் எது எது என்று தெரியும்.

உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "காயலான் கடையும் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாங்க, ஆனா எதையும் விக்கறதில்ல" என்றாய். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. அதற்கப்புறம் வந்தவற்றை நீயே வேண்டாம் என்றாய். அம்மா கொஞ்ச நாள் அழுதாள், பிறகு உனக்காக அட்டைப்பெட்டி கேட்டுக் கடை கடையாகப் போக ஆரம்பித்தாள். உன் முதல் கண்காட்சிக்கு, நம் வீட்டு ஆட்களைத் தவிர, இரண்டே பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பாத்ரூம் எங்கே என்று கேட்க வந்தவர்.

இப்படியே பதினைந்து வருடம். அந்த நாட்களில் உன் இரும்புக்கெல்லாம் ஒரே நிறம்தான், துரு. வேலை முடிந்ததும் திறந்தவெளியில் வைத்து, "ரெண்டு மழை நிக்கட்டும்" என்பாய். இரண்டு ஐப்பசி, இரண்டு கார்த்திகை. மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டு அந்தத் துரு ஒரு மாதிரி பழுத்து வரும். துருவை ஒழிப்பதற்கென்றே பிழைக்கிறவன் நான். அதை நீ பிள்ளை மாதிரி வளர்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அதைப் பார்க்கவே உடம்பு கூசும்.

அப்புறம்தான் ஒட்டகம் வந்தது. எட்டடி உயரம், பழைய தண்ணீர்த் தொட்டியின் தகடு. உன்னை முதல் தடவையாகப் பெரிய கூடத்தில் தனியாகக் காட்சி வைக்கச் சொல்லியிருந்தார்கள். லாரி வர மூன்று நாள் இருக்கும்போது நீ டைபாய்டில் படுத்துவிட்டாய். மற்றதையெல்லாம் கட்டிவைத்தாகிவிட்டது. ஒட்டகம் மட்டும் முற்றத்தில் நின்றது. மேலெல்லாம் துரு, வெல்டு வைத்த இடமெல்லாம் தழும்பு. எனக்கு ஒரே கவலை. அவ்வளவு பெரிய மனிதர்கள் வருகிற இடத்துக்கு இதை இப்படியே அனுப்பினால், கேட்டுக்கடைக்காரன் தம்பி இருந்தும் அக்காவுக்கு ஒரு பாலிஷ் போட்டுத் தரவில்லையே என்று சொல்லமாட்டார்களா?

நானும் மாரியும் இரண்டு நாள் அதைத் தேய்த்தோம். கம்பி பிரஷ், கிரைண்டர், எமரி தாள். இரண்டு மழை ஏற்றியதை இரண்டு நாளில் இறக்கினோம். வெல்டு தழும்பையெல்லாம் வழவழவென்று ஆக்கினோம். மேலே ரெட் ஆக்சைடு இரண்டு கோட். படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கு நிறம் அடிப்பதற்கு முன்னால் துருப் பிடிக்காமல் இருக்க அடிக்கிற செம்மண் நிறப் பூச்சு அது. அதற்கு மேல் கறுப்பு எனாமல் அடிப்பதாகத்தான் இருந்தேன். அதற்குள் லாரி வந்துவிட்டது.

திறப்பு விழா அன்று கஞ்சித் தெம்போடு வந்து நின்றாய். ஒட்டகத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். நான் என்ன செய்துவிட்டேன் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். நான் பிடித்தது குரங்குகூட இல்லை, உன் பிள்ளையாரை அழித்துவிட்டு நின்றேன்.

ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஒட்டகத்தைச் சுற்றித்தான் நின்றார்கள். ஒரு விமர்சகர் இரண்டு பக்கம் எழுதினார். இந்தப் புறநகரே பாதி கட்டி நிற்கிற ஊர், அடுத்த பூச்சுக்காகக் காத்திருக்கிற ஊர், அதன் நிறத்தை வசந்தா கண்டுபிடித்துவிட்டார் என்று. அதிலிருந்துதான் உன் பெயர் வெளியே தெரிந்தது. பரிசு, ஜப்பான், ஊரப்பாக்கம் பக்கத்துக் கம்பெனி வாசலில் நிற்கிற பெரிய வேலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாலு மாதம் நீ என்னோடு பேசவில்லை. ஒட்டகம் விற்காமல் வீட்டுக்கே திரும்பி வந்தது. தினமும் சாயங்காலம் பின்பக்கத்தில் அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். மதில் மேல் எட்டிப் பார்ப்பேன். நீ அழுகிறாய் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

ஐந்தாவது மாதம் பட்டறைக்கு வந்தாய். என் முகத்தைப் பார்க்காமல், "மாரி, ரெட் ஆக்சைடு ஒரு டின் எடு" என்றாய். அவ்வளவுதான் சமாதானம். நம் வீட்டில் சண்டை முடிவது அப்படித்தான், யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, அடுத்த வேலை ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு நீ செய்த அத்தனையும் சிவப்பு. உன் 'செந்நிறக் காலம்' என்று எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோட் அடித்தது நான்தான். அடிக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. இது நீ விரும்பின நிறமா, இல்லை, எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்பதற்காக நான் உன் தலையில் கட்டிய நிறமா? என்னை மன்னித்தாயா, சகித்துக்கொண்டாயா? கேட்க வாய் வரவில்லை. எத்தனை தீபாவளி, எத்தனை கல்யாணம், எத்தனை ஆஸ்பத்திரி ஒன்றாகப் போயிருக்கிறோம். கேட்டிருக்கலாம்.

போன வருடம் புரட்டாசியில் உன் கடைசி வேலையைப் பின்பக்கத்தில் நிற்கவைத்தாய். ஆறடி, மூன்றே தகடு. நான் வழக்கம்போல டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "வேணாம். ரெண்டு மழை நிக்கட்டும்" என்றாய். இருபத்திரண்டு வருடம் கழித்து மறுபடியும் துரு. ஏன் என்று அப்போதும் கேட்கவில்லை. ஒரு மழைக்காலம் போயிற்று. மாசியில் உனக்கு நெஞ்சு வலி வந்து ஆட்டோவில் ஏற்றினோம். மூச்சுத் திணறும்போதும் என் கையைப் பிடித்து, "டேய் சேகர், அதுல கை வைக்காத" என்றாய். "வைக்கமாட்டேன்க்கா" என்றேன். நாலாம் நாள் நீ இல்லை.

ஆடியில் நிவேதா வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பெண். உன் மொத்த வேலையையும் ஆவணியில் ஒரே கூடத்தில் வைக்கப்போகிறோம் என்றாள். பின்பக்கம் வந்து கடைசி வேலையைப் பார்த்தாள். பாதித் துரு, திட்டுத் திட்டாக, சொறி பிடித்த மாதிரி நின்றது.

"சார், இது இன்னும் ஃபினிஷ் ஆகலை இல்ல?"

"ஆகலைம்மா."

"மேடத்தோட எல்லா ரெட் வொர்க்குக்கும் நீங்கதானே பெயிண்ட் பண்ணீங்க? அவங்க ஃபினிஷ் உங்களுக்குத்தான் தெரியும். இதையும் அதே மாதிரி பண்ணிக் குடுத்தீங்கன்னா, கடைசி வேலையா நடுவுல வைக்கலாம்."

எனக்கு ஆசை வந்தது அக்கா. மறைக்க மாட்டேன். கூடத்தின் நடுவில் உன் கடைசி வேலை. தேய்த்து இரண்டு கோட் அடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் டின்னைத் திறந்து கலக்கவும் கலக்கினேன். மாரி பிரஷ்ஷோடு பக்கத்தில் நின்றான்.

"அடிச்சுடலாமாண்ணா?"

நான் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"டீச்சர் வாணாம்னு சொன்னாங்களேண்ணா. ஏற்கெனவே ஒருவாட்டி பேஜாராப் பூட்ச்சு."

அவனும் அதை மறக்கவில்லை. மூடியைத் தட்டி மூடினேன். நிவேதாவுக்கு போன் செய்து, இதைத் தர முடியாது, இன்னும் ஒரு மழைக்காலம் பாக்கி இருக்கிறது என்றேன். துருவா, மேடம் துருவை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறதே என்றாள். அப்புறம் சொல்லாமல் முடியுமா? டைபாய்டு, லாரி, கிரைண்டர் எல்லாவற்றையும் சொன்னேன். உன் செந்நிறக் காலம் கேட்டுக்கடைக்காரனின் அவசரத்தில் வந்தது என்று சொன்னேன். உனக்கு மரியாதை செய்ய நினைத்து ஒருமுறை கெடுத்தேன். இப்போது உண்மையைச் சொல்லி உன் பெயரையே கெடுக்கிறேனோ என்று இருந்தது. "நான் நேர்ல வரேன் சார்" என்று வைத்துவிட்டாள்.

மறு வாரம் ஒரு லேப்டாப்போடு வந்தாள். எப்போதோ ஒரு கல்லூரி மாணவன் உன்னைப் பேட்டி எடுத்திருக்கிறான், அதன் ஒலிப்பதிவு. அச்சில் வந்தபோது ஒரு பகுதியை வேடிக்கைப் பேச்சு என்று வெட்டிவிட்டார்களாம். முழுப் பதிவையும் தேடி எடுத்திருக்கிறாள். பட்டறையில் மெஷினையெல்லாம் நிறுத்தச் சொன்னேன். மாரியும் வந்து நின்றான். உன் குரல், அக்கா. இருமலோடு, பின்னால் காக்காய் சத்தத்தோடு.

அந்தப் பையன் கேட்கிறான், அந்தச் சிவப்பு எப்படி வந்தது மேடம் என்று.

"அது என் வேலை இல்ல. தம்பி அடிச்சது."

அவன் சிரிக்கிறான். "சும்மா சொல்லாதீங்க மேடம்."

"சும்மா இல்லப்பா. எனக்குக் காய்ச்சல். அக்கா மானம் போயிடும்னு பயந்து, துருவெல்லாம் தேச்சு எடுத்துட்டு ரெண்டு கோட் அடிச்சு அனுப்பிட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு நாலு மாசம் அவன் மூஞ்சில முழிக்கல."

"அப்புறம் ஏன் அதே கலர்லயே பண்ணீங்க?"

இருமிவிட்டுச் சொல்கிறாய். "நாலு மாசம் தினம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். துரு இருந்தா எல்லாமே அழகா இருக்கும்ப்பா. ஓட்டை வாளிகூட அழகா இருக்கும். அவன் தேச்சு எடுத்த பிறகுதான் என் தப்பெல்லாம் தெரிஞ்சுது. எந்த வளைவு சரியில்ல, எங்க கனம் ஜாஸ்தின்னு. இனிமே துருவுக்குப் பின்னாடி ஒளிய முடியாதுன்னு ஆயிடுச்சு. அதான் அதுலயே இருந்துட்டேன்."

"இத உங்க தம்பிகிட்ட சொன்னீங்களா மேடம்?"

"சொல்லணும். சொன்னா தலைகால் புரியாம எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சிடுவான்."

இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அதோடு அந்தப் பகுதி முடிந்துவிட்டது. நான் நிவேதாவை இன்னொரு தடவை போடச் சொன்னேன், பிறகு இன்னொரு தடவை. அழுதேன். அந்தப் பெண் முன்னால் அழ வெட்கமாக இருந்தது, இருந்தாலும் அழுதேன். மாரிதான் பேசினான். "டீச்சர் அப்பவே ஊருக்கே சொல்லிட்டாங்கண்ணா. நாமதான் பயந்துகினு கெடந்தோம்."

சொல்லணும் என்றாயே அக்கா. மதிலுக்கு அந்தப் பக்கம்தானே இருந்தாய். நானும் இந்தப் பக்கம்தானே இருந்தேன். இரண்டு பேருக்கும் என்ன வந்தது?

கண்காட்சி நன்றாக நடந்தது. கடைசி வேலையை அனுப்பவில்லை. அது நிற்க வேண்டிய நடு இடத்தில் அதற்காக நீ செய்த அட்டைப்பெட்டி மாதிரியை வைத்தாள் நிவேதா, சணல் கயிறும் நனைக்காதே என்று பெட்டி மேல் அச்சடித்த குடைப் படமும் தெரிகிற மாதிரி. ஒட்டகத்துக்குப் பக்கத்தில் உன் குரலை ஓடவிட்டாள். அந்த விமர்சகர் தடி ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "அப்போ நான் எழுதினது?" என்றார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். அக்காவே ரெண்டு தடவ படிச்சாங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். உன் பெயர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒட்டகத்தின் விவரச் சீட்டில் 'இரும்பு, ரெட் ஆக்சைடு' என்று இருந்ததற்குக் கீழே 'பூச்சு: தம்பி' என்று சேர்த்திருக்கிறார்கள். மாரி பெயரையும் போடச் சொன்னேன், போட்டார்கள். அவன் அதை போனில் படம் பிடித்துப் பேத்திக்குக் காட்டுகிறான்.

முந்தாநாள் மத்தியானம் ஐப்பசி மழை ஆரம்பித்தது. பெரும்பாக்கம் பக்கம் இருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் பட்டறையே ஓடியது. வெளியே கிடந்த கேட், கம்பி எல்லாவற்றையும் தார்ப்பாய் போட்டு மூடினோம். மூடிவிட்டுத் திரும்பினால், அவசரத்தில் மாரி உன் கடைசி வேலைக்கும் ஒரு தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தான். முப்பது வருடத்துக்கும் மேலான பழக்கம், மழை என்றால் இரும்பை மூடுவது.

"டேய், அத அவுரு" என்று கத்திக்கொண்டே மதிலைச் சுற்றி ஓடினேன். முடிச்சு இறுகிவிட்டது. வெட்டுக்கத்தியால் கயிற்றை அறுத்துத் தார்ப்பாயை இழுத்தேன். மூன்று தகட்டிலும் மழை விழுந்தது. நான் நனைந்துகொண்டே தெருமுனைக்குப் போய், நீ செய்வதுபோல, யாரோ புதிதாக வருகிறவன் மாதிரி நடந்து வந்து பார்த்தேன்.

நிற்கிறது அக்கா.

இந்தத் தடவை துருவுக்குப் பின்னால் ஒளிக்க ஒரு தப்பும் இல்லை என்பதால்தான் துருவைக் கேட்டாயா? எனக்குத் தெரியவில்லை. கார்த்திகை முடியட்டும். மழை விட்டதும் அதை அப்படியே, ஒரு தூசியைக்கூடத் துடைக்காமல், நிவேதாவிடம் அனுப்பிவைக்கிறேன். அதுவரை அது நனையும், நான் மதில் மேல் எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான் என் வேலை. கேட்க வேண்டியதை இனிமேல் யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கமாட்டேன், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

செம்பாக்கத்திலிருந்து,
இந்த முறை கை வைக்காத உன் தம்பி,
சேகர்